லைன்லயே இருங்க மேடம்

அடிக்கட்டும், விடுங்க. நான் எடுக்கமாட்டேன். பேரு வராத நம்பரா இருந்தா நான் எடுக்கறதே இல்ல. நெசமாவே சோலி உள்ளவன்னா மறுபடி அடிப்பான். மறுபடி அடிச்சாலும் எடுக்கமாட்டேன், அது வேற விசயம்.

நீங்க எங்க எறங்கணும்? திருநெல்வேலியா? நான் கோவில்பட்டி. மதுரையில வக்கீலைப் பாத்துட்டு வாரேன். ஒங்க பேரு? இல்ல, வேண்டாம், சொல்ல வேண்டாம். தெரியாத ஆள்ட்ட பேரைச் சொல்லக்கூடாது. எனக்கும் இப்பத்தான் புத்தி வந்துருக்கு. தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி, நான் இப்படி இருந்தவ இல்ல. இப்பெல்லாம் சிலிண்டர் போட வர்றவன் வந்தாக்கூட அவன் சட்டையில எழுதிருக்கறதைப் படிச்சுட்டுத்தான் கதவைத் தொறக்கறேன். ஒங்களைக்கூட மதுரையில பஸ்ல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன். பாத்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க. அதனாலதான் பேசறேன்.

கோவில்பட்டியில மூணு மாடி ஜவுளிக்கடை. பேரு எதுக்கு, கேஸ் நடக்குது. அங்க பத்தொம்பது வருசம் இருந்தேன். சேலை எடுத்துப் போடற பொண்ணாச் சேந்து சூப்பர்வைசர் ஆனேன். முப்பத்திரெண்டு பொண்ணுங்க எனக்குக் கீழ. யாரு எத்தனை நிமிசம் சாப்புட்டா, யாரு பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டுச் செல்போன் நோண்டறா, எல்லாம் எனக்குத் தெரியும். என் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது. அதுக்குத்தான் மொதலாளி என்னை வச்சிருந்தாரு.

போன வருசம் ஆடி. தள்ளுபடி போட்டுருக்கு, கடையில நிக்க எடமில்ல. மேனேஜர் சிதம்பரநாதன் தீபாவளிச் சரக்கு எடுக்கச் சூரத் கெளம்பிட்டாரு. போகும்போது, "ஏம்மா, நாலு நாளு கடை ஒம் பொறுப்பு"ன்னாரு. பத்தொம்பது வருசத்துல அதுதான் மொத தடவை. அவரோட கண்ணாடி ரூம்ல போய் ஒக்காந்தேன். ஒக்காரும்போதே மனசுல ஒரு பயம், ஒண்ணும் தப்பா நடந்துறக்கூடாதேன்னு. ரெண்டாவது நாளு, புதன்கெழமை, பத்தே முக்கால் இருக்கும், மேசையில இருந்த போன் அடிச்சுச்சு.

"கடை இன்சார்ஜா?"ன்னு ஒரு ஆம்பளைக் குரல். நல்ல கனத்த குரல். அவசரமே இல்லாத குரல்.

"ஆமா சார்."

"பேரு?"

"செண்பகவல்லி."

"செண்பகவல்லி மேடம், நான் க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் பேசறேன். பக்கத்துல யாராச்சும் இருந்தா வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு வாங்க."

மேடம்னான். பொண்ணுங்க அக்காம்பாங்க. மேனேஜரு ஏம்மாம்பாரு. மொதலாளி கையைத்தான் காட்டுவாரு. மேடம்னு என்னைக் கூப்புட்ட மொத ஆளு அவன்தான். நான் கதவைச் சாத்திட்டு வந்தேன்.

மொத நாள் சாயங்காலம் ஒரு ஜட்ஜு சம்சாரம் எங்க கடைக்கு வந்தாங்களாம். துணி போட்டுப் பாக்கற ரூம்ல அவங்க கழுத்துச் சங்கிலி காணாமப் போயிருச்சாம். வெளிய தெரிஞ்சா கடைப் பேரு கெட்டுரும்னு மொதலாளி கெஞ்சிக் கேட்டுக்கிட்டதுனால, சத்தமில்லாம விசாரிக்கறாங்களாம். "ராமசுப்பு சார் இப்ப எங்க பக்கத்து லைன்லதான் இருக்கார்"னான். மொதலாளி பேரு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதோட விடல. எடுத்த ஆளு பேரையும் சொன்னான். மாரிக்கனி. பேரைச் சொல்லி, கைப்புள்ளைக்காரிங்கறது வரைக்கும் சொன்னான். இப்படிச் சொன்னா நம்பாம என்ன செய்யச் சொல்றீங்க?

மாரிக்கனிங்கறது சேலைப் பிரிவுல ஒரு பொண்ணு. இருவத்திமூணு வயசு. இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமம். புள்ளை பெத்து மூணு மாசத்துலயே வேலைக்கு வந்துட்டா, வீட்டு நெலமை அப்படி. அவ மாமியாரு தெனம் ரெண்டு தடவை, பதினொன்னரைக்கும் மூணு மணிக்கும், புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசலுக்கு வரும். இவ போய்ப் பால் குடுத்துட்டு வருவா. அதுக்கு மேனேஜர்கிட்டப் பேசிப் பதினஞ்சு நிமிசம் வாங்கிக் குடுத்தது நான்தான். அதை இப்ப யாரும் சொல்றதில்ல. ஆனா பதினஞ்சு நிமிசம்னா இருவது ஆகும். கூட்ட நேரத்துல கவுண்ட்டர்ல ஆளிருக்காது. நான் புள்ளை பெறலையா? எம்மகன் பொறந்த நாப்பதாம் நாளு நான் கடையில நின்னேன். டப்பாப் பாலுதான் குடிச்சான், நல்லாத்தான் வளந்தான். நான் அதை அவகிட்டச் சொல்லிக் காட்டுனதில்ல. ஒருவேளை ஒரு தடவை சொல்லிருப்பேன்.

"கடைக்குள்ள அவளுக்குக் கூட்டாளி இருக்கு மேடம். அதனால யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. மொதலாளிக்கும் போன் போடாதீங்க, அந்த லைனை நாங்க கவனிச்சிட்டிருக்கோம். உங்க செல் நம்பரைக் குடுங்க. அதுல கூப்புடறேன். நான் சொல்ற வரைக்கும் கட் பண்ணக்கூடாது. லைன்லயே இருங்க மேடம்."

செல்லுல கூப்புட்டான். நான் சார்ஜரைக் கையில எடுத்துக்கிட்டு, மாரிக்கனியைக் கூட்டிக்கிட்டு மூணாம் மாடி குடோனுக்குப் போனேன். "எதுக்குக்கா?"ன்னா. "வா சொல்றேன்"னேன். உள்ள போயித் தாப்பாப் போட்டேன்.

அவன் ஒவ்வொண்ணாச் சொன்னான், நான் ஒவ்வொண்ணாச் செஞ்சேன். அவ செல்லை வாங்கி வச்சேன். பையைக் கொட்டச் சொன்னான், கொட்டுனேன். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு கிரைப் வாட்டர் பாட்டில், பஸ் டிக்கெட்டு. சங்கிலி இல்ல. சடையை அவுக்கச் சொன்னான். முடிக்குள்ள வச்சுக் கட்டிருவாங்களாம். அவுத்து ஒதறிப் பாத்தேன், இல்ல. "இருக்காது மேடம், இவ கைதேர்ந்த ஆளு. செவுத்தைப் பாத்து நிக்க வைங்க"ன்னான். நிக்க வச்சேன்.

"அக்கா, சத்தியமா நான் எடுக்கலக்கா. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்"னா.

"அழறாளா?"ன்னு கேட்டான்.

"ஆமா சார்."

"திருடுனவ மொதல்ல அழுவா மேடம்."

கொஞ்ச நேரத்துல அழுகையை நிப்பாட்டிட்டா. அதையும் சொன்னேன். "பாத்தீங்களா, பலிக்கலைன்னதும் நிப்பாட்டிட்டா"ன்னான். எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. அவ நெத்தியெல்லாம் வேர்வை. தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு வேர்க்கணும்? குடோன்ல ஃபேன் கெடையாதுதான். எனக்கும் வேர்த்துச்சு.

பதினொன்னரை ஆனதும் கீழ வாட்ச்மேனு கூப்புட்டாரு, மாமியாரு புள்ளையோட வந்து நிக்குதுன்னு. மாரிக்கனி பேங்க் சோலியா வெளிய போயிருக்கா, அப்பறம் வரச் சொல்லுங்கன்னேன். குடோன் சன்னல் பின்சந்துப் பக்கம்தான். அந்தக் கெழவி போகல. அங்கேயே வேப்பமரத்தடியில நின்னுருக்கு. புள்ளை அழ ஆரம்பிச்சுருச்சு. மூணு மாடிக்குக் கேட்டுச்சு தங்கச்சி. அவ்வளவு சின்னப் புள்ளைக்கு அவ்வளவு தொண்டை.

"அக்கா, எம்புள்ளைக்கா. பசிக்குதுக்கா. குடுத்துட்டு வந்து நிக்கறேன். நீங்களும் கூட வாங்க"ன்னா.

நான் ஈவு எரக்கமில்லாதவ இல்ல. அவன்ட்டக் கேட்டேன். "சார், புள்ளைக்குப் பால் குடுக்கணுமாம்"னு. அவன் வேண்டாம்னுட்டான். மாமியாரு கையில சங்கிலியை மாத்தி விட்டுருவான்னான். மேலதிகாரி சொல்லும்போது நம்ம என்ன செய்ய முடியும்?

அழுகை கேக்கக் கேக்க அவளுக்குப் பாலு தானா எறங்கி யூனிபார்ம் சேலையெல்லாம் நனைஞ்சுருச்சு. கையை மாருக்குக் குறுக்க வச்சுக்கிட்டு செவுத்தோட ஒட்டி நின்னா. நான் ரேக்குல இருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துக் குடுத்தேன். விக்கிற துண்டு. யாரு குடுப்பா அப்படி?

சந்தேகம் வரலையா சந்தேகம் வரலையான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஏன் வராம? வந்துச்சு. அவ மேல வந்துச்சு.

இந்தா, திருமங்கலம் தாண்டிட்டோம். தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? அதுவும் நல்லதுதான், தெரியாதவங்க குடுத்தா குடிக்கக்கூடாது.

மத்தியானமும் ஆயிருச்சு. நான் சாப்புடல, அவளும் சாப்புடல. அவன் மட்டும் நடுவுல என்னமோ மென்னுக்கிட்டே பேசுனான். தோப்புக்கரணம் போடச் சொல்லுங்கன்னான். ஒடம்பு களைச்சாத்தான் வாயில இருந்து உண்மை வருமாம். சத்தமா எண்ணுங்க மேடம், எனக்குக் கேக்கணும்னான். அறுவத்திமூணு வரைக்கும் நான்தான் எண்ணுனேன். அதுக்கு மேல அவளால எந்திரிக்க முடியல. கீழ சரிஞ்சு ஒக்காந்துட்டா. பச்ச ஒடம்புக்காரிதானே. "ஒத்துக்கிடச் சொல்லுங்க, விட்டுரலாம்"னான். நான் பக்கத்துல குனிஞ்சு, "மாரி, ஒத்துக்கோடி, விட்டுருவாங்க"ன்னு நல்ல விதமாச் சொன்னேன். அவ என்னை நிமிந்து பாத்தா. "எதை ஒத்துக்க?"ன்னு கேட்டா. திமிருன்னு நெனச்சேன்.

மூணு மணிக்கு மறுபடியும் புள்ளைச் சத்தம். இந்தத் தடவை அழுகையில சத்து இல்ல. மாரிக்கனி காதைப் பொத்திக்கிட்டா.

எனக்குப் பதினோரு மணியில இருந்து பாத்ரூம் போக முடியல. அடக்க முடியாமப் போயி, கடைசியில அவன்கிட்ட அனுமதி கேட்டேன். சிரிக்காதீங்க. "ஒரு ஆளைக் காவல் நிறுத்திட்டுப் போங்க. போனை அவங்க கையில குடுங்க"ன்னான். மாடிப்படியில உலகம்மா கூட்டிக்கிட்டிருந்தா. பெருக்கித் தொடைக்கிற பொம்பளை. நாப்பது வயசு இருக்கும், வாய் ஜாஸ்தி, அவளை எனக்கு எப்பவுமே ஆகாது. வேற ஆளு இல்லாமத்தான் கூப்புட்டேன்.

உள்ள வந்தா. தரையில கெடந்த மாரிக்கனியைப் பாத்தா. அவுந்து கெடந்த முடி, கொட்டிக் கெடந்த பை, ஈரத் துண்டு, எல்லாத்தையும் பாத்தா. என் கையில இருந்து போனை வாங்குனா.

"யாருய்யா நீ?"ன்னா.

அவன் என்னமோ சொன்னான்.

"எந்த ஸ்டேசன்?"

மறுபடி என்னமோ சொன்னான்.

"ஸ்டேசன் நாலு தெரு தள்ளித்தான இருக்கு. நானே இவளைக் கூட்டியாறேன். நீ வாசல்ல வந்து நில்லு, ஒம் மூஞ்சியப் பாக்கணும்."

அவ்வளவுதான். கட் பண்ணிட்டான். நாலரை மணி நேரமா என்கிட்டக் கட் பண்ணாதீங்க கட் பண்ணாதீங்கன்னவன், அவகிட்ட ஒரு நிமிசம் நிக்கல.

எல்லாரும் உலகம்மாளைத்தான் மெச்சறாங்க. அவளுக்கு என்ன தங்கச்சி? இந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடையில தொடப்பத்தை எடுப்பா. பொறுப்புல இருக்கறவளுக்குத்தானே பயம். அவ எந்த அதிகாரியைப் பாத்தா, எந்த உத்தரவை வாங்குனா, அவளுக்கு என்ன தெரியும்?

மாரிக்கனி செருப்புக்கூடப் போடாம, தலைவிரி கோலமா, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல மூணு மாடியும் எறங்கிப் போனா. உலகம்மா கையைப் புடிச்சிருந்தா. நான் மேல இருந்து வாட்ச்மேனைப் பாத்து, அவளை விடாதீங்கன்னு சத்தம் போட்டேன். அப்பவும் நான் டூட்டியில இருக்கறதாத்தான் நெனப்பு. திரும்ப அந்த நம்பருக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். சார்ஜருல மாட்டி வச்சுக்கிட்டு அஞ்சு மணி வரைக்கும் காத்துக் கெடந்தேன், சார் கூப்புடுவாருன்னு.

மொதலாளி அன்னைக்குச் சிவகாசியில ஒரு கல்யாணத்துல இருந்துருக்காரு. ராத்திரி வந்தவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்லம்மா?" மொதலாளிக்கு நானாப் போன் போட்டுப் பேசுற பழக்கம் பத்தொம்பது வருசத்துல எனக்குக் கெடையாது. சொன்னேன். மறுநாளு, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கன்னுட்டாங்க. இன்னும் ரெஸ்ட்லதான் இருக்கேன்.

அந்தப் பொண்ணுக்கு மூணாம் நாளே காய்ச்சலு. பால் கட்டிச் சீழ் வச்சு, பெரியாஸ்பத்திரியில கத்தி வச்சாங்களாம். அதுக்கப்பறம் அந்தப் புள்ளைக்குத் தாய்ப்பால் இல்ல. அவங்க ஊருக்குள்ள வேற, கடையில நகையைத் திருடிட்டுப் புடிபட்டாள்னு பேச்சு. நான் பரப்பல அதை. யாரோ பரப்பிருக்காங்க. அவ ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தா. உலகம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டா. கேஸ்ல போன் பண்ணவன் மொத ஆளு, நான் ரெண்டாவது ஆளு. என்னையும் அவனையும் ஒரே தாள்ல எழுதிருக்காங்க.

அதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. ஒரே யோசனைதான். அவனுக்கு எப்படிப் பேரு தெரிஞ்சுச்சு? மொதலாளி பேரு தெரிஞ்சிருக்கு, மாரிக்கனி பேரு தெரிஞ்சிருக்கு, புள்ளை இருக்கறது தெரிஞ்சிருக்கு. கடைக்குள்ள ஆளு இல்லாம நடக்குமா? மொதல்ல மேனேஜர் மேல சந்தேகம். சரியா அந்த வாரம் பாத்து ஏன் சூரத் போகணும்? அவரு அக்கா மகளுக்கு என் வேலை மேல ஒரு கண்ணு. அப்பறம் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற டெய்லரு. ஒரு நாளு அவரு லேட்டா வந்ததுக்கு நான் எழுதி வச்சேன். அப்பறம்தான் எனக்கு மின்னல் மாதிரி தோணுச்சு, மாரிக்கனி புருசன் செல்போன் கடையில வேலை பாக்கறான். சிம்மு, நம்பரு எல்லாம் அவன் கையிலதானே? கடைகிட்ட நஷ்டஈடு வாங்கறதுக்குப் புருசனும் பொண்டாட்டியும் சேந்து போட்ட நாடகமா ஏன் இருக்கக்கூடாது?

இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி ஸ்டேசன்ல குடுத்தேன். விசாரிச்சாங்க. அந்தப் பையனை மூணு தடவை கூப்புட்டாங்க. செல்போன் கடைக்காரன் பயந்து வேற ஆளைப் போட்டுக்கிட்டான். பாவம்தான். ஆனா விசாரிச்சா என்ன தங்கச்சி, தப்புப் பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?

எட்டு மாசம் கழிச்சு ஆளைப் புடிச்சிட்டாங்க. வேற மாவட்டம். நாப்பத்திரெண்டு வயசு, ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன். போலீசு வேலைக்கு மூணு தடவை ஓடிப் பாத்துத் தேறலையாம். அம்மாகூட இருக்கான். இதே மாதிரி ஒம்போது எடத்துக்குப் போன் பண்ணிருக்கான். பள்ளிக்கூடம், நர்சிங் ஹோம், துணிக்கடை. எதுவும் எடுக்கல, எதுவும் கேக்கல. சும்மா சொல்லிச் செய்ய வைக்கிறது. அதுல மூணு பேரு, எங்க பெரியவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றோம்னு போனை வச்சுட்டாங்களாம். அவன் பேசுனதெல்லாத்தையும் செல்லுலயே பதிஞ்சு வச்சிருக்கான், திரும்பத் திரும்பக் கேக்கறதுக்காம்.

ஸ்டேசனுக்கு வரச் சொன்னாங்க. போனேன். மாரிக்கனி, அவ புருசன், உலகம்மா எல்லாம் பெஞ்சுல ஒக்காந்துருந்தாங்க. இன்ஸ்பெக்டர் ஒரு பொம்பளை. நெசமான இன்ஸ்பெக்டர், பேட்ஜெல்லாம் பாத்துக்கிட்டேன். "பேரு எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல, கேளுங்கம்மா"ன்னு போட்டாங்க.

மொதல்ல அவன் குரலு. க்ரைம் பிராஞ்ச், சங்கிலி, எல்லாம் வருது. "உங்க மொதலாளி எங்க பக்கத்து லைன்ல இருக்கார்"ங்கறான். ஒரு பொம்பளைக் குரலு, "ராமசுப்பு சாரா?"ன்னு கேக்குது. "ஆமா, ராமசுப்பு சார்தான்"ங்கறான்.

அடுத்து, "எடுத்தது உங்க கடையில வேலை பாக்கற பொண்ணு. இருவது இருவத்தஞ்சு வயசு இருக்கும். நேத்து சாயங்காலம் டூட்டியில இருந்தவ"ங்கறான். அவ்வளவுதான் அவன் சொல்றான். எங்க கடையில அப்படி இருவது பேரு இருப்பாங்க. அந்தப் பொம்பளைக் குரலு, "மாரிக்கனியா சார்?"ங்குது.

அப்பறம் அவன், "அவளேதான் மேடம். எப்படிக் கரெக்டாச் சொன்னீங்க?"ங்கறான்.

"எனக்கு அவ மேல ரொம்ப நாளா சந்தேகம் சார். கைப்புள்ளையைச் சாக்கு வச்சு அடிக்கடி பின்வாசலுக்குப் போவா"ங்குது அந்தக் குரலு.

நான் சொன்னேன், மேடம் இது ஏதோ வெட்டி ஒட்டுனது மாதிரி இருக்கு, இப்பெல்லாம் குரலைக்கூடச் செய்யறாங்களாமேன்னு. அந்தம்மா பதிவைக் கொஞ்சம் முன்னால ஓட்டிப் போட்டாங்க.

பின்னால புள்ளை அழற சத்தம் கேக்குது, லேசா. மாரிக்கனி குரலு கேக்குது. "சார், புள்ளைக்குப் பால் குடுக்கணுமாம்"னு அந்தப் பொம்பளைக் குரலு சொல்லுது. அது நான் சொன்னது, எனக்கே ஞாபகம் இருக்கு. ஆனா அவன், "உங்க இஷ்டம் மேடம். குடுத்துட்டு வரட்டும்னா அனுப்புங்க"ங்கறான். அப்படியா சொன்னான்? எனக்கு அப்படி ஞாபகமே இல்ல. அந்தக் குரலு சொல்லுது: "வேண்டாம் சார். மாமியாரு கையில சங்கிலியை மாத்தி விட்டுருவா. அழுதா அழட்டும், ஒரு வேளை பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆயிராது. எம்புள்ளையெல்லாம் டப்பாப் பாலுலதான் வளந்தான்."

யாரும் என்னைப் பாக்கல. உலகம்மாகூடப் பாக்கல. மாரிக்கனி, "போதும் மேடம், நிப்பாட்டிருங்க"ன்னா. நிப்பாட்டிட்டாங்க.

வெளிய வந்தேன். அவ புருசன் வண்டி எடுக்கப் போயிருந்தான். அவ ரோட்டோரமா நின்னா. எளைச்சுக் கறுத்துப் போயிருந்தா. எனக்கு மனசு கேக்கல. பக்கத்துல போயி, "மாரி, அந்த நேரத்துல என்ன பேசுனேன்னு எனக்கே தெரியலடி. அவன் என் புத்தியை மழுக்கிட்டான். எல்லாம் அவன் செஞ்ச வேலை"ன்னேன்.

கோவப்படுவான்னு நெனச்சேன். கோவப்படல. சாதாரணமாத்தான் சொன்னா. "அவன் என்னைப் பாத்ததே இல்லக்கா. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

வண்டி வந்துச்சு, ஏறிப் போயிட்டா.

இது என்ன பேச்சு, நீங்களே சொல்லுங்க. பாத்துக்கிட்டு இருந்தேன்தான். காவலுக்கு நிக்கறவ பாக்காம என்ன செய்வா? துண்டு எடுத்துக் குடுத்தது யாரு? அதுவும் அந்தச் செல்லுல பதிஞ்சிருக்கணும்ல, அதைப் போட்டுக் காட்டலையே அந்த இன்ஸ்பெக்டரம்மா. அதுலதான் எனக்குச் சந்தேகமே. அந்தம்மாவுக்கும் இளையரசனேந்தல் பக்கம்தான் யாரோ சொந்தம் இருக்குங்கறாங்க.

வர்ற பதினாலாம் தேதி கோர்ட்டு. கோவில்பட்டி வக்கீல் சரியில்லன்னுதான் மதுரையில ஒருத்தரைப் புடிச்சேன். இன்னைக்குப் பூரா அவரு ஆபீஸ்லதான் ஒக்காந்துருந்தேன். ஜட்ஜு நேராக் கேப்பாராம், அந்தக் குரலு ஒங்களோடதுதானான்னு. இல்லன்னாப் பரிசோதனைக்கு அனுப்புவாங்களாம். ஆமான்னா, தண்டனை இருக்குமாம்.

பஸ் ஸ்டாண்டு வரப் போகுது, பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. இல்ல, இருங்க, நானே எடுத்துக்கறேன்.

நான் வக்கீலைக் கேட்டேன், சார், ஆமாங்கறதா இல்லைங்கறதான்னு. அவரு ஃபைலைப் பாத்துக்கிட்டே, "அது ஒங்க குரல்தானான்னு ஒங்களுக்குத்தானம்மா தெரியும்"னாரு. வக்கீல் பேசற பேச்சா அது? இன்னும் ஏழு நாளு இருக்கு. என்ன சொல்லணும்னு அவரு இன்னும் சொல்லல.